காதுக்குள் 'கொய்ங்' சத்தம்: தலையில் காந்தம் வைத்தால் நிற்குமா?

ராமேசுவரம்,

ராத்திரி முழுக்க விசைப்படகில் என்ஜின் பக்கத்தில் நின்றுவிட்டு காலையில் கரைக்கு வந்தாலும், காதுக்குள் என்ஜின் ஓடிக்கிட்டே இருக்கும். ராமேசுவரம், பாம்பன், மண்டபம் மீனவர்களுக்கு இது புதுசு அல்ல. ஒன்றிரண்டு நாளில் அடங்கினால் பெரிதாக பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் 'கொய்ங்' என்று விடாமல் கேட்டால்தான் சிக்கல். ஊரே அடங்கின பிறகு அந்த சத்தம் மட்டும் பெரிசா கேட்கும். தூக்கம் போகும், எரிச்சல் வரும்.

டாக்டர்கள் இதை 'டின்னிடஸ்' என்கிறார்கள். தமிழில் காது இரைச்சல். உலகம் முழுவதும் 74 கோடி பேருக்கு மேல் இந்த இரைச்சல் இருக்கிறது என்றும், அதில் 12 கோடி பேருக்கு மேல் பெரும் தொல்லையாக இருக்கிறது என்றும் 2022-ம் ஆண்டு வெளியான ஆய்வு கணக்கிட்டது.

இதைத்தான் தலையில் காந்தம் வைத்து நிறுத்தலாம் என்கிறார்கள். 'டி.எம்.எஸ்.' என்பது அந்த சிகிச்சையின் பெயர். கடனை வாங்கி வெளியூருக்கு பஸ் ஏறும் முன் விஷயத்தை தெரிந்து கொள்வது நல்லது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

காதுக்குள் நத்தைக்கூடு போன்ற பகுதியில் மெல்லிய முடி செல்கள் இருக்கின்றன. என்ஜின் இரைச்சலில் வருடக்கணக்கில் அடிபட்டால் அவை செத்துப்போகும். திரும்ப முளைக்காது. சங்கு குளிப்பவர்கள், பாசி எடுக்க முங்கும் பெண்கள் ஆகியோருக்கு தண்ணீர் அழுத்தத்தாலும் காது பாதிக்கப்படுகிறது.

காதில் இருந்து சத்தம் வருவது குறைந்ததும் மூளை சும்மா இருப்பதில்லை. தானே வால்யூமை கூட்டுகிறது. இந்தக் கரையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு சொன்னால் உடனே புரியும். ஸ்டேஷன் கிடைக்காத இடத்தில் வால்யூமை திருகினால் 'உஸ்' என்று இரையுமே, அதே கதைதான். ஸ்டேஷன் போனது காதில், இரைச்சல் கேட்பது மூளையில்.

காந்தம் என்ன செய்யும்?

மூளையில் இரைச்சல் என்றால் மூளையையே அமைதிப்படுத்தினால் என்ன? இதுதான் டி.எம்.எஸ்.சின் கணக்கு. 1985-ல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் இந்தக் கருவியை செய்து காட்டினர். எட்டு வடிவ கம்பிச்சுருளை காதுக்கு மேலே தலையில் வைப்பார்கள். மின்சாரம் பாய்ந்ததும் காந்தத் துடிப்பு மண்டை ஓட்டைத் தாண்டிப் போய் மூளையின் மேற்பகுதியில் லேசான மின்னோட்டத்தை உண்டாக்கும். கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. கடையில் விற்கும் காந்த வளையல், காந்தப் படுக்கைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை. காது இரைச்சலை நிறுத்த வந்த இந்த எந்திரமே 'டக்.. டக்..' என்று பலமாக சத்தம் போடும். காதில் அடைப்பான் வைத்துக் கொண்டுதான் உட்கார வேண்டும்.

பலன் உண்டா?

அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. 10 நாள், தினமும் 2 ஆயிரம் துடிப்புகள் கொடுத்தார்கள். நிஜ சிகிச்சை பெற்ற 32 பேரில் 18 பேருக்கு தொல்லை குறைந்தது. காந்தம் இல்லாமல் சும்மா கருவியை மட்டும் வைத்த 32 பேரில் 7 பேர் குறைந்ததாக சொன்னார்கள். நல்ல சேதிதான். ஆனால் 2017-ல் ஜெர்மனியில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 146 பேரை வைத்து பார்த்தபோது, நிஜ சிகிச்சைக்கும் போலிக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

அமெரிக்க காது-மூக்கு-தொண்டை டாக்டர்கள் சங்கம் 2014-லேயே, காது இரைச்சலுக்கு இதை வழக்கமான சிகிச்சையாக எழுதித்தர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மன அழுத்த நோய்க்கு 2008-ல் அமெரிக்க அரசு டி.எம்.எஸ்.சுக்கு அனுமதி கொடுத்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும் மனநோய்களுக்கு இது பயன்படுகிறது. அதை காட்டி "காதுக்கும் கியாரண்டி" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்கள், தலையில் உலோகத் தகடோ காது கேட்பதற்கான உள்கருவியோ பொருத்தியவர்கள் பக்கத்திலேயே போகக்கூடாது.

முதலில் செய்ய வேண்டியது

செவித்திறன் சோதனை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காது டாக்டரை பார்த்தால் போதும், இதற்காக சென்னை ஓட வேண்டியதில்லை. காதில் வெறும் அழுக்கு அடைத்திருந்தாலும் இரையும். எடுத்தால் சரியாகிவிடும். கேட்கும் திறன் குறைந்திருந்தால் காது மிஷின் வைத்ததுமே பலருக்கு இரைச்சல் மட்டுப்படுகிறது. ராத்திரியில் மின்விசிறி சத்தம், மெல்லிய ரேடியோ சத்தம் துணைக்கு இருக்கட்டும். மனநல ஆலோசனையால் சத்தம் நிற்காது, ஆனால் அதன் மீதுள்ள பயமும் எரிச்சலும் குறையும் என்பது ஆய்வுகளில் நிரூபணமான விஷயம்.

திடீரென ஒரு காது கேட்காமல் போனாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து சத்தம் கேட்டாலோ, முங்கி எழுந்ததும் தலை சுற்றினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். சளி பிடித்திருக்கும்போது கடலில் முங்கக்கூடாது. என்ஜின் பக்கம் நிற்பவர்கள் காதில் பஞ்சு வைத்து பிரயோஜனம் இல்லை, அதற்கென்றே உள்ள காது அடைப்பான்தான் வேண்டும். எண்ணெயை காய்ச்சி காதில் ஊற்றும் பழக்கமும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சீழ் பிடித்து, மிச்சம் இருக்கும் கேள்வித்திறனும் போய்விடும்.