டிஎஸ்எல்லா, கேபிளா?

அம்மாவுக்குக் காது மந்தம். சிங்கப்பூர் அக்காவோடு தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோவில் பேசும்போது உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்குவாங்க. படம் நின்னா பேச்சும் நின்னுடும். அதனால புது வீட்டுக்கு எந்த இணைப்புன்னு கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

டிஎஸ்எல் டெலிபோன் கம்பியில் வருவது. ஏடிஎஸ்எல்2 பிளஸ் என்றால் 24 மெகாபிட் வரை என்பார்கள். அது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்குத்தான். தூரம் கூடக்கூட சிக்னல் தேயும். நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஓரிரு மெகாபிட் வந்தாலே பெரிசு. (தூரம் என்றால் கம்பி சுற்றிவரும் தூரம்.)

கேபிளில் தூரம் அவ்வளவு பிரச்சினையில்லை. ஆனா ஒரே கேபிளைத் தெருவே பங்கு போட்டுக்கும். மத்தியானம் பறக்கும்; எல்லாரும் சாப்பிட்டுட்டுப் படம் பார்க்க உட்காரும்போது திணறும். மாடி வீட்டுக்காரரிடம் "ஒன்பது மணிக்கு எப்படி சார்?" என்று கேட்டேன். சிரித்தார்.

எக்ஸ்சேஞ்ச் இரண்டு தெரு தள்ளித்தான். டிஎஸ்எல்லே போட்டாச்சு. ஏடிஎஸ்எல்லில் மேலே அனுப்பும் வேகம் ஒரு மெகாபிட்தான், அக்காவுக்கு நாங்க மங்கலாத் தெரியறோம். அவளுக்குக் காது நல்லா கேட்கும்.