பல்லைப் பிடித்துப் பார்!
(பழைய பெரிய கேமராவா? வாரண்டியோடு புதுசா?)



2024 டிசம்பரில் நம் பள்ளிப் புகைப்பட மன்றத்துக்கு ஒரு கேமரா வாங்கினோம் அல்லவா? அன்றிலிருந்து வராண்டாவில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "ஏன்டா, அதே காசுக்குப் பெரிய கேமரா கிடைச்சுதாமே? அதை விட்டுட்டு இந்தச் சின்னதைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

நியாயமான கேள்விதான். உண்டியலில் விழுந்தது உங்கள் காசு. சிலர் மிட்டாய்க் காசைப் போட்டீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய பேப்பரைச் சேர்த்து எடைக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டாமா? நாளைக்கு நீங்களே கேமராவோ செல்போனோ 'செகண்ட் ஹேண்ட்' வாங்கப் போனாலும் உதவட்டும் என்றுதான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

இரண்டு கேமராக்கள்

எங்கள் முன்னால் வந்து நின்றவை இரண்டு. ஒன்று கேனான் 80டி. 2016-இல் வெளிவந்த மாடல். ஒருவர் பயன்படுத்தியது, லென்ஸோடு விற்பனைக்கு வந்தது. இன்னொன்று கேனான் ஆர்100. 2023-இல் வெளிவந்தது. கடையில் பெட்டி பிரிக்காத புதுசு. பில் உண்டு, கம்பெனி வாரண்டி உண்டு. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

80டி கொஞ்சம் மேல்தட்டு மாடல். ஆர்100 புதிதாகக் கற்பவர்களுக்கான ஆரம்ப மாடல். ஆனால் ஒரு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். படத்தின் அளவு 80டி-யில் 24.2 மெகாபிக்சல், ஆர்100-இல் 24.1. வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சாரும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அகலம் 22 மில்லிமீட்டர் சொச்சம், உயரம் சுமார் 15 மில்லிமீட்டர். அப்புறம் எதில்தான் பெரிசு?

80டி-யில் திரையை வெளியே இழுத்துத் திருப்பலாம், விரலால் தொட்டு இயக்கலாம். ஆர்100-இன் திரை அசையாது, தொட்டாலும் வேலை செய்யாது. 80டி-யின் அதிவேக ஷட்டர் ஒரு விநாடியில் 8000-இல் ஒரு பங்கு. மற்றதில் 4000-இல் ஒரு பங்கு. ஒரு முறை முழுதாக சார்ஜ் போட்டால் 80டி-யில் 960 படம் எடுக்கலாம் என்பது கம்பெனிக் கணக்கு. ஆர்100-இல் அதில் பாதிக்கும் குறைவுதான். காரணம், ஆர்100 'மிரர்லெஸ்' வகை. உள்ளே கண்ணாடி கிடையாது. நாம் கண் வைத்துப் பார்ப்பதே ஒரு குட்டித் திரைதான். அது எந்நேரமும் கரண்ட் தின்னும்.

ஆர்100 பக்கமும் நல்லது உண்டு. எடை 356 கிராம்தான், 80டி 730 கிராம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட ஆர்100-ஐக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். எதிரில் நிற்பவரின் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும். ஆனாலும் மொத்தத்தில் வசதி கூடுதல் எதில் என்று கேட்டால் 80டி-யில்தான். மறைக்க மாட்டேன்.

அண்ணனுக்கு நடந்தது

சில வருடங்களுக்கு முன்னால் என் அண்ணன் ஒரு பழைய கேமரா வாங்கினான். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். பார்க்கப் பளபளவென்று இருந்தது. "பாதி விலைக்கு முடிச்சுட்டேன்"னு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். சித்தி மகள் கல்யாணத்துக்கு அவன்தான் போட்டோ. நலங்கு எடுத்தான், மாலை மாற்றுவதை எடுத்தான். கெட்டிமேளம் கொட்டும்போது கேமரா "டக்"கென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஷட்டர் போய்விட்டது.

இன்றுவரை சித்தி வீட்டு ஆல்பத்தில் தாலி கட்டும் பக்கத்தில் மட்டும் யாரோ செல்போனில் எடுத்த மங்கலான படம்தான் இருக்கிறது. சித்தி அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவனுக்குப் பெரிய தண்டனையாகப் போய்விட்டது.

ஷட்டர் என்றால் என்ன?

கடைக்கு ஷட்டர் இருப்பதுபோல் சென்சாருக்கு முன்னாலும் மெல்லிய ஷட்டர் உண்டு. நாம் பட்டனை அமுக்கியதும் திறந்து மூடும். 80டி போன்ற கேமராவில் உள்ளே இருக்கும் கண்ணாடியும் ஒவ்வொரு படத்துக்கும் எழும்பி இறங்கும். எல்லாம் ஓடித் தேயும் உறுப்புகள். 80டி-யின் ஷட்டரை 1,00,000 படத்துக்குத் தாங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அது சத்தியவாக்கு அல்ல. முன்னாலேயும் போகலாம், அதைத் தாண்டியும் ஓடலாம்.

ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம் எடுப்பவர் 50 கல்யாணத்திலேயே அந்த ஒரு லட்சத்தைத் தொட்டுவிடுவார். நாம் ஒரு விழாவுக்கு 300 படம், வருடத்துக்கு 15 விழா என்று வைத்தாலும் 4,500 படம்தான். அதனால் 70,000 படம் ஓடிய கேமரா வந்தாலும் மீதி 30,000 நமக்கு ஆறு வருடத்துக்கு மேல் வரும். ஆகவே பழசு என்றதும் ஓட வேண்டியதில்லை. எவ்வளவு ஓடியது என்று உண்மையாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

என் தாத்தா சந்தைக்கு மாடு பிடிக்கப் போனால் விற்பவன் சொல்லும் வயதைக் காதில் வாங்கவே மாட்டார். நேரே வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். "ரெண்டு பல்லு", "நாலு பல்லு", "கடை சேர்ந்துருச்சு" என்று அவரே வயதைச் சொல்லிவிடுவார். மாட்டுக்குப் பல், கேமராவுக்கு ஷட்டர் எண்ணிக்கை!

பல்லைப் பார்ப்பது எப்படி?

1. நிக்கான் கேமராக்களில் எடுத்த படத்துக்குள்ளேயே ஷட்டர் எண்ணிக்கை பதிவாகும். கம்ப்யூட்டரில் அதைப் படிக்கலாம். கேனானில் பெரும்பாலும் படத்தில் பதிவாகாது. சர்வீஸ் சென்டரில் காட்டிக் கேட்பதுதான் நல்லது.

2. லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. ஈரக் காற்றில் மூடியே வைத்திருந்தால் பிடிக்கும்.

3. அபெர்ச்சர் எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் சென்சாரில் தூசி. தூசியைச் சுத்தம் செய்யலாம், கீறலைச் செய்ய முடியாது.

4. லென்ஸை மூடி போட்டு மூடி ஒரு படம் எடுங்கள். கும்மிருட்டில் சிவப்பு, நீலப் புள்ளிகள் மின்னினால் அவை பழுதான பிக்சல்கள்.

5. பேட்டரி உப்பியிருக்கிறதா பாருங்கள். எல்லாப் பட்டனையும் ஒரு தடவை அமுக்குங்கள்.

6. அடியில் உள்ள சீரியல் நம்பரும் பில்லில் உள்ள நம்பரும் ஒன்றா? பில்லே இல்லை என்றால் யாருடைய கேமரா என்பதே சந்தேகம்.

வாரண்டி கடவுள் அல்ல

"அப்போ வாரண்டி இருந்தா கவலையே இல்லையா?" என்று கேட்பீர்கள். அதுவும் தப்பு. என் நண்பன் ஒருவன் புதுக் கேமராவை மழையில் நனைத்துவிட்டான். வாரண்டி அட்டையை நீட்டினான். "தண்ணி போனதுக்கு வாரண்டி கிடையாது தம்பி" என்று சொல்லிவிட்டார்கள். வாரண்டி என்பது பொதுவாகத் தயாரிப்பில் இருக்கும் குறைக்குத்தான். கீழே போட்டால், நனைத்தால், பூஞ்சை பிடித்தால் செலவு நம்முடையது. சரி செய்து கொடுக்க நாளும் ஆகும். வாரண்டி இருந்தாலும் முகூர்த்தத்தில் நின்ற கேமரா அன்றைக்கு ஓடாது.

இன்னொன்று, 'கம்பெனி வாரண்டி' வேறு, 'கடை வாரண்டி' வேறு. வெளிநாட்டிலிருந்து வேறு வழியில் வரும் கேமரா விலை குறைவாக இருக்கும். அதற்கு இந்தியாவில் கம்பெனி வாரண்டி இல்லாமல் போகலாம். கடைக்காரர் கையெழுத்துப் போட்ட சீட்டு மட்டும் இருக்கும். கடை இருக்கும்வரைதான் அந்தச் சீட்டு. அதனால் "இது யாரு வாரண்டிங்க?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பில்லோடு கடையில் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நமக்குத் துணை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. தெருமுனையில் தனி ஆளிடம் பில்லில்லாமல் வாங்கினால் துணைக்கு வருவது அவர் வாய்ச்சொல் மட்டும்தான்.

அன்று என்ன நடந்தது?

80டி வைத்திருந்தவரைப் பார்க்க ஓவிய ஆசிரியரோடு நானும் போனேன். உண்மையைச் சொல்கிறேன், கையில் வாங்கியதும் எனக்கு மனசு முழுக்க அதன் மேல்தான். கனமாக, கைக்கு அடக்கமாக இருந்தது.

"எவ்வளவு ஓடியிருக்குண்ணே?" என்று கேட்டேன்.

"பத்தாயிரம்கூட இருக்காது தம்பி. வீட்டு விசேஷத்துக்கு மட்டும்தான் எடுத்தேன்."

ஆனால் கைப்பிடி ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் கிளம்பியிருந்தது. பட்டன் மேல் எழுத்து பாதி அழிந்திருந்தது. சார் மெதுவாகக் கேட்டார், "சர்வீஸ் சென்டர்ல ஒரு தடவை காட்டிட்டு வாங்கிக்கிறோம். செலவு எங்களுது."

அவர் முகம் மாறிவிட்டது. "நம்பிக்கை இருந்தா எடுத்துக்குங்க சார். இல்லேன்னா வேற ஆளு காத்துக்கிட்டிருக்காங்க" என்றார். பில்லும் தொலைந்துவிட்டதாம்.

ஒருவேளை அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். எனக்கு அப்போது தாத்தா சொல்வதுதான் ஞாபகம் வந்தது. "வாயைத் திறந்து காட்டாத மாட்டுக்குக் கயிறு மாத்தாதே."

திரும்பி வந்துவிட்டோம். மறுநாள் ஆர்100 வாங்கினோம்.

அப்படியானால் எதை வாங்குவது?

நான் புரிந்துகொண்டது இதுதான். எது நல்ல கேமரா என்று கேட்பதற்கு முன்னால், "நாளைக்கே கெட்டுப்போனால் யார் தாங்குவது?" என்று கேளுங்கள். மன்றத்துக்கு வேறு பணம் கிடையாது. ஒரு தடவை ஷட்டர் மாற்றும் செலவு வந்தாலும் அடுத்த உண்டியல்வரை கேமரா அலமாரியில்தான் தூங்கும். அதுவும் அடுத்தவர் காசு. அதனால்தான் வாரண்டி.

சொந்தக் காசு, சோதித்துப் பார்க்கத் தெரியும், விற்பவரும் மறைக்காமல் காட்டுகிறார், ரிப்பேருக்கென்று கொஞ்சம் பணமும் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள் என்றால் பழைய பெரிய கேமராவைத் தாராளமாக வாங்கலாம். அண்ணனே 2023-இல் மறுபடியும் பழசுதான் வாங்கினான்! இந்த முறை சர்வீஸ் சென்டரில் காட்டி, பில் வாங்கி, சீரியல் நம்பரைச் சரிபார்த்து வாங்கினான். நன்றாக ஓடுகிறது. ஆனாலும் கல்யாணத்துக்குப் போகும்போது நண்பனிடம் இரவல் வாங்கிய இன்னொரு கேமரா பையில் இருக்கும். பட்டவனுக்குத்தானே தெரியும்!

கடைசியாக நம் கேமராவின் குறையையும் ஒப்புக்கொள்கிறேன். விளையாட்டு விழா அன்று பரிசளிப்புக்குக் கொஞ்சம் முன்னால் பேட்டரி தீர்ந்துவிட்டது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் படங்களில் ஓட்டப் பந்தயம் இருக்கும், கோப்பை வாங்கும் படம் இருக்காது. 80டி-யாக இருந்தால் சாயங்காலம்வரை தாங்கியிருக்கும். ஜெயித்த தம்பி தங்கைகள் மன்னிக்க வேண்டும்.

அதனால் ஓர் உபரி பேட்டரி வாங்க வரும் திங்கட்கிழமை உண்டியல் மறுபடியும் உங்கள் வகுப்புக்கு வருகிறது. என்னைப் பார்த்ததும் யாரும் ஓடிவிடாதீர்கள்!



— புகைப்பட மன்ற மாணவன்,
பிளஸ் ஒன் 'அ' பிரிவு