ஓடும் ஸ்கிரிப்டில் கை வைத்தால்…

2021 டிசம்பர் 14 மாலை, ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில் கோப்புகள் அழியத் தொடங்கின. 16ஆம் தேதி பகல்வரை அது நிற்கவில்லை. மொத்தம் 77 டெராபைட், ஏறக்குறைய 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். 14 ஆய்வுக் குழுக்களின் உழைப்பு அதில் இருந்தது. நான்கு குழுக்களின் தரவைப் பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. அழித்தது வைரஸோ ஹேக்கரோ அல்ல, அந்தத் தரவைக் காப்பாற்றவே எழுதப்பட்ட பேக்கப் ஸ்கிரிப்ட்.

சூப்பர் கம்ப்யூட்டர் என்பது பெரும்பாலும் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சர்வர்களை அதிவேக நெட்வொர்க்கில் கோத்த தொகுப்பு, அதாவது கிளஸ்டர். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 பட்டியலில் உள்ள அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. கணக்குப் போடும் சர்வர்கள் தனித்தனியாக இருந்தாலும், கோப்புகளை வைக்கும் இடம் எல்லோருக்கும் பொது. பேக்கப் ஸ்கிரிப்டுக்கு அங்கே எல்லோருடைய கோப்புகளையும் தொடும் அதிகாரம் உண்டு. லினக்ஸின் அழிப்புக் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. ஸ்கிரிப்டுக்குள் இருக்கும்போது ‘நிச்சயமாகவா?’ என்று அது கேட்பதும் இல்லை.

அந்த ஸ்கிரிப்டில் ஒரு சின்ன வேலையும் இருந்தது. பத்து நாளைத் தாண்டிய பழைய லாக் கோப்புகளை ‘ஃபைண்ட்’ கட்டளையால் தேடி அழிக்க வேண்டும். எந்த ஃபோல்டரில் தேடுவது என்பதை ஒரு மாறி (வேரியபிள்) சொல்லும். சிஸ்டத்தை வழங்கிய ஹெச்பிஇ நிறுவனம் ஸ்கிரிப்டைத் திருத்தியபோது, படிப்பவருக்கு எளிதாகப் புரியட்டும் என்று மாறியின் பெயரையும் மாற்றியது. பாராட்ட வேண்டிய திருத்தம்தான். ஆனால் பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை அதன் மேல் எழுதிவிட்டார்கள்.

ஸ்கிரிப்டைப் படித்து ஓட்டும் நிரலான ‘பேஷ்’, அதை முழுவதும் படித்து முடித்துவிட்டு ஓட்டுவதில்லை. கொஞ்சம் படிக்கும், செய்யும், மறுபடி கோப்புக்குத் திரும்பி விட்ட இடத்திலிருந்து படிக்கும். விட்ட இடம் என்று அது நினைவில் வைத்திருப்பது வரியை அல்ல, பைட் கணக்கை. ஆயிரமாவது பைட்வரை பழைய எழுத்தைப் படித்திருந்தால், ஆயிரத்தொன்றிலிருந்து புதிய எழுத்தைப் படிக்கும். கியோட்டோவில் இப்படித்தான் பாதியில் புது ஸ்கிரிப்டுக்குள் நுழைந்தது. புதுப் பெயர் கொண்ட மாறிக்கு மதிப்புத் தரும் வரிகள் ஓடவே இல்லை. மதிப்பில்லாத மாறியை பேஷ் வெற்றுச் சொல்லாக எடுத்துக்கொண்டு மேலே போகும். ஃபோல்டரின் பெயர் இப்படி வெறுமையாகிவிட்டதால், லாக் ஃபோல்டரில் தேட வேண்டிய ஃபைண்ட், ஆய்வாளர்களின் தரவு இருந்த ‘லார்ஜ்0’ கோப்பமைப்பில் தேடியது. பத்து நாளுக்கு மேல் யாரும் திருத்தாத கோப்பெல்லாம் அதற்குப் பழைய லாக்தான்.

இதைத் தடுக்கும் வழிகள் லினக்ஸிலேயே இருக்கின்றன. ‘எம்வி’ கட்டளை ஒரே கோப்பமைப்புக்குள் ஒரு கோப்பின் இடத்தில் இன்னொன்றை வைக்கும்போது பழையதன் மேல் எழுதுவதில்லை. பெயரை மட்டும் புதியதற்கு மாற்றித் தருகிறது. பழையதைத் திறந்து வைத்திருக்கும் பேஷ் அதையே கடைசிவரை படித்து முடிக்கும். ‘சிபி’யால் நகலெடுத்தால் அதே கோப்புக்குள்ளேயே புது எழுத்து விழும். இரண்டெழுத்துக் கட்டளை ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு இருக்கிறது. ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் மைனஸ் யூ’ என்று எழுதிவைத்தால், மதிப்பில்லாத மாறியைக் கண்டதும் பேஷ் நின்றுவிடும். அழிக்கும் வரி உள்ள எந்த ஸ்கிரிப்டையும் இது இல்லாமல் ஓட விடக்கூடாது என்பேன்.

ஹெச்பிஇ முழுப் பொறுப்பையும் ஏற்று, நடந்ததை எழுத்தில் விளக்கியது. பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. சர்வரைக் கட்டிக் காப்பவர்களுக்கு அது பெரிய உதவி. மறைத்திருந்தால் இதே தவறு வேறொரு ஊரில், வேறொரு கிளஸ்டரில் நடந்திருக்கக்கூடும்.