பின்பக்கத்துப் புள்ளி: தமிழ் நோட்டுக்கு எந்தத் தாள்?



ஒரு மாணவர் கட்டுரையில் ‘பல மருத்துவர்கள் உதவினார்கள்’ என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாளின் முன்பக்கத்தில் அவர் அழுத்தி வைத்த முற்றுப்புள்ளியின் மை பின்பக்கம் இறங்கி, சரியாக ‘ல’வின் தலையில் உட்கார்ந்துவிட்டது. இப்போது நீங்கள் படிப்பது ‘பல் மருத்துவர்கள்’. இரண்டுமே சரியான தமிழ்தான், பொருள்தான் வேறு. சிவப்பு மையில் வட்டம் போடுவதா, விட்டுவிடுவதா?

மலாய், ஆங்கில நோட்டில் ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் சொல் மாறிவிடாது. நம்ம எழுத்தில் அப்படி இல்லை. மெய்யா உயிர்மெய்யா என்பதைச் சொல்வது அந்த ஒரு புள்ளிதான். விடு–வீடு, மிதி–மீதி என்று குறிலையும் நெடிலையும் பிரிப்பது ஒரு சின்னச் சுழி. தென்–தேன் வேறுபாடும் கொம்பின் சுழியில்தான் இருக்கிறது. மை படர்ந்தால் முதலில் அடைபடுவது இந்தச் சுழிகள்தாம். அதனால் நோட்டுத் தாளின் தரம் தமிழாசிரியருக்கு வெறும் அழகு விஷயம் இல்லை, திருத்தும் பணியோடு நேராகச் சம்பந்தப்பட்டது.

எழுதும் பொருள் எழுத்தைப் பாதிப்பது நமக்குப் புதிதும் இல்லை. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறி எழுதிய காலத்தில் மெய்யெழுத்துப் புள்ளியைப் பெரும்பாலும் இடாமலேயே விட்டார்கள். எகர ஏகாரம், ஒகர ஓகாரம் ஆகியவற்றையும் படிப்பவர்தான் இடம் பார்த்துப் பிரித்துப் படிக்க வேண்டியிருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தோடு அந்த நெடில் வேறுபாடு எழுத்தில் தெளிவாகியது. அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த தெளிவை மலிவுத் தாளில் தொலைக்கலாமா?

முதலில் நோய் எது என்று பாருங்கள்

‘டீச்சர், பின்னாடி தெரியுது’ என்று மாணவர்கள் சொல்வது மூன்று வேறு சங்கதிகளாக இருக்கலாம்.

1. மை ஊடுருவுதல்: மையே தாளைத் துளைத்து மறுபக்கம் வந்துவிடும். பின்பக்கத்தை விரலால் தொட்டால் சில வேளை ஒட்டும். அடுத்த தாளிலும் கறை விழலாம்.

2. நிழல் தெரிதல்: மை மறுபக்கம் வரவில்லை. தாள் மெல்லியதாக இருப்பதால் எழுத்து மங்கலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். கண்ணுக்கு இடைஞ்சல், ஆனால் புள்ளியாக ஏமாற்றாது.

3. பள்ளம் விழுதல்: பேனாவை அழுத்தி எழுதுவதால் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். இது கையின் பழக்கம். நோட்டை மாற்றினாலும் பெரிதாக மாறாது. பேனாவைப் பிடிக்கும் முறையைத்தான் கவனிக்க வேண்டும்.

இவற்றோடு ‘மை படர்தல்’ என்று நான்காவது ஒன்றும் உண்டு. அது எழுதிய பக்கத்திலேயே நடப்பது. கோட்டின் ஓரத்தில் மை வேர் விட்டது போல விரியும். ‘ண’, ‘ன’ சுழிகள் அடைபடுவதும், ‘ீ’யின் சுழி நிரம்பி ‘ி’ போலத் தெரிவதும் இதனால்தான்.

கனமான தாள் நல்ல தாளா?

நோட்டின் அட்டையில் 60 ஜி.எஸ்.எம்., 70 ஜி.எஸ்.எம். என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதே இந்த எண். ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம் இருக்கும். அட்டையில் எண் இல்லாவிட்டால் நாமே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். 16.5 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம், 80 பக்கம், அதாவது 40 தாள் கொண்ட ஒரு நோட்டை எடுத்துக்கொள்வோம். அட்டை நீங்கலாகத் தாள்கள் மட்டும் 60 ஜி.எஸ்.எம். என்றால் ஏறக்குறைய 83 கிராம், 70 என்றால் 97 கிராம், 80 என்றால் 111 கிராம் வரும். சமையலறைத் தராசு போதும்.

ஆனால் இந்த எண் பாதிக் கதைதான் சொல்லும். ஜப்பானில் உருவான தொமோயே ரிவர் என்ற தாள் வெறும் 52 ஜி.எஸ்.எம்.தான். கையில் எடுத்தால் நிழல் நன்றாகவே தெரியும். ஆனால் ஊற்றுப்பேனாவில் எழுதினாலும் மை எளிதில் மறுபக்கம் இறங்காது. அதற்காகவே பேர் போனது. இன்னொரு பக்கம், தடித்த தாளாக இருந்தும் மையைப் பஞ்சு போல உறிஞ்சுபவை உண்டு.

வித்தியாசம் எங்கே? பசையூட்டலில். தாள் என்பது மரநார்களின் வலை. அப்படியே விட்டால் நாருக்கும் நாருக்கும் இடையே உள்ள சந்துகளில் மை ஓடிவிடும். செய்தித்தாளின் வெள்ளை ஓரத்தில் மைப்பேனாவால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், புரிந்துவிடும். எழுதும் தாளில் நீரைத் தடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். பழைய ஐரோப்பியக் கைத்தாள்களை விலங்குப் பசையில் தோய்த்தெடுத்தார்கள். 1807-இல் ஜெர்மனியின் மோரிட்ஸ் இல்லிக் பைன் மரப் பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலக்கும் முறையை வெளியிட்டார். இன்றைய ஆலைகள் கூழில் வேதிப்பொருளையும், மேற்பரப்பில் மாவுப்பசையையும் சேர்க்கின்றன. பசையூட்டல் நன்றாக இருந்தால் மை மேலேயே நின்று காயும்.

‘பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் நல்ல தாள்’ என்பதும் சரியில்லை. வெண்மை சாயத்தாலும் நிரப்புப் பொருளாலும் வருவது. மை தாங்குமா என்பதை அது சொல்லாது.

பேனாவையும் சேர்த்துப் பாருங்கள்

பால்பாயிண்ட் பேனாவின் மை எண்ணெய் சேர்ந்த கெட்டி மை. அது தாளின் மேல் ஒட்டிக்கொள்ளும், எளிதில் இறங்காது. இதற்கு 60 ஜி.எஸ்.எம். நோட்டே பெரும்பாலும் போதும். ஜெல் பேனா மை நீர் சேர்ந்தது. 0.5 முனையைவிட 1.0 முனை அதிக மையைக் கொட்டும். ஜெல் பேனா வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு 0.5 முனையும் 70 ஜி.எஸ்.எம். தாளும் பொருந்தும், ஆனால் சோதித்துவிட்டு வாங்குங்கள். ஊற்றுப்பேனா, ரோலர்பால் என்றால் 80-க்குக் குறையாமல், பசையூட்டல் நல்ல தாளாகப் பாருங்கள். பர்மனன்ட் மார்க்கரை எந்த நோட்டும் தாங்காது, அதை நோட்டுப் பக்கமே விடாதீர்கள்.

நம்ம சிவப்புப் பேனாவும் இந்தக் கணக்கில் சேரும். தடித்த சிவப்பு ஜெல் பேனாவில் நாம் போடும் வட்டமும் மறுபக்கம் இறங்கி, மாணவர் சரியாக எழுதிய சொல்மேல் திருத்தமாக நிற்கலாம்.

இரண்டு நிமிடச் சோதனை

வகுப்புக்கு மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரே ஒரு நோட்டை வாங்கி, கடைசித் தாளில் செய்து பாருங்கள்.

1. மாணவர் அன்றாடம் பிடிக்கும் பேனாவாலேயே ‘பல் பல விடு வீடு தென் தேன் கண்ணன்’ என்று எழுதுங்கள். சுழிகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

2. பேனா முனையை ஒரே இடத்தில் மூன்று விநாடி வைத்து எடுங்கள். யோசித்துக்கொண்டே எழுதும் பிள்ளை இப்படித்தான் வைப்பார்.

3. வேறோர் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். சொட்டு முத்துப் போல நின்றால் பசையூட்டல் நல்லது. உடனே பரவி, பின்பக்கம் ஈரம் தெரிந்தால் வேண்டாம்.

4. தாளைத் திருப்புங்கள். புள்ளி வந்திருக்கிறதா? அதன்மேலேயே ஒரு வரி எழுதி, இன்னொருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். தடுமாறாமல் வாசித்தால் அந்த நோட்டு தேறிவிட்டது.

5. எழுதிய வரியை ஐந்து விநாடி கழித்து விரலால் தேயுங்கள். மிக வழவழப்பான தாளில் மை இறங்காது, ஆனால் காயவும் நேரமாகும். இடக்கைப் பழக்கமுள்ள மாணவருக்கு இது பெரிய தொல்லை.

செலவைப் பற்றி

ஜெஞ்சாரோம் மாதிரி ஊரில் பல பெற்றோருக்கு மூன்று, நான்கு பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். ‘எல்லாப் பாடத்துக்கும் 80 ஜி.எஸ்.எம். வாங்குங்க’ என்று நாம் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ‘ஒரு பக்கம் மட்டும் எழுதுங்க’ என்பதும் தீர்வில்லை, நோட்டுச் செலவு இரட்டிப்பாகிவிடும். என் யோசனை இதுதான்: கட்டுரைப் புத்தகம் ஒன்றுக்கு மட்டும் நல்ல தாள். மற்ற இலக்கண, பயிற்சி நோட்டுகளுக்குச் சாதாரணத் தாள், ஆனால் பால்பாயிண்ட் பேனா. பேனாவை மாற்றுவது நோட்டை மாற்றுவதைவிட மலிவு.

வாங்கிய நோட்டைக் காப்பதும் முக்கியம். நம் கோலலங்காட் பக்கம் கடலோரக் காற்று, ஆண்டு முழுக்க ஈரம். ஈரமேறிய தாளில் மை கூடுதலாகப் படரும். வகுப்பு நோட்டுகளைத் தரையிலும் சன்னலோரத்திலும் அடுக்காமல் அலமாரியில் வையுங்கள். மழையில் நனைந்த புத்தகப்பையோடு வருபவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தாலே போதும்.

தேர்வு மண்டபத்தில் தாளை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, கொடுத்ததில்தான் எழுத வேண்டும். அதனால் சில பயிற்சிக் கட்டுரைகளையாவது சாதாரணத் தாளில், தேர்வுக்குக் கொண்டுபோகும் அதே பேனாவால் எழுதவிடுங்கள்.

அடுத்த தமிழ்மொழிப் பணித்தியக் கூட்டத்தில், பள்ளிக் கூட்டுறவுக் கடையில் விற்கும் நோட்டுகளில் இரண்டு மூன்றை எடுத்து இந்தச் சோதனையைச் சேர்ந்து செய்து பாருங்கள். தேறியதன் பெயரையும் ஜி.எஸ்.எம். எண்ணையும் குறித்து, ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோருக்குத் தரும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அதுவரை, திருத்தும்போது சந்தேகமான புள்ளி கண்ணில் பட்டால் வட்டம் போடுவதற்கு முன் தாளை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். பிள்ளை செய்யாத பிழைக்குச் சிவப்பு மை வேண்டாம்.