ஷரஹ் பக்கத்திலேயே இருந்தது

பெரியகல்லாற்றில் எனக்கொரு ஆசிரிய நண்பர் உண்டு. அவருடைய மகள் பழைய கணினியொன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு, ‘போஸ்ட்பிக்ஸ்’ என்னும் மின்னஞ்சல் சேவரை நிறுவியிருந்தாள். நிறுவியது சில நிமிடங்களில். தடுமாறியது இரண்டு நாள். “விளக்கப் புத்தகம் ஒன்றுமே இல்லை மௌலவி” என்றாள். அரபுக் கல்லூரிக் கணினியில் நான் லினக்ஸ் பழகியவன் என்பது அவளுக்குத் தெரியும்.

மின்னஞ்சல் சேவர் வேறொன்றுமில்லை, தபால் கந்தோர்தான். கடிதத்தை ஏற்கும், முகவரி பார்த்து உரிய கந்தோருக்கு அனுப்பும். போகாததை வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். ஐந்து நாளாகியும் முடியாவிட்டால் எழுதியவருக்கே திருப்பிவிடும். போஸ்ட்பிக்ஸை எழுதியவர் வியட்சே வெனேமா, 1998இல் வெளிவந்தது. விளக்கம் எழுதுவதில் சோம்பல் இல்லாத மனிதர்.

அப்படியானால் புத்தகம் எங்கே? டெபியன்காரர் அதைத் தனிப் பொதியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ‘போஸ்ட்பிக்ஸ்-டொக்’ என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். வந்தபின் ‘யூ-எஸ்-ஆர்’ என்ற அடைவுக்குள் ‘ஷெயர்’, அதற்குள் ‘டொக்’, அதற்குள் ‘போஸ்ட்பிக்ஸ்’ என்று போனால் இருக்கும். அது வரும்வரையும் ‘மேன்’ என்ற கட்டளை உண்டு. மனுவல் என்பதன் சுருக்கம் அது. ‘மேன் 5 போஸ்ட்கொன்ப்’ என்று தட்டினால் ஒவ்வொரு அமைப்புக்கும் பொருள் விரியும். பெயரே தெரியாவிட்டால் ‘அப்ரோபோஸ் மெயில்’ என்று தட்டவேண்டும். மெயில் சம்பந்தப்பட்ட பக்கங்களின் பட்டியல் வரும். மத்ரஸாவில் ஷரஹ் இல்லாமல் மத்னைத் திறக்க எங்கள் உஸ்தாத் விடமாட்டார். இங்கே இவள் மத்னை மட்டும் வைத்துக்கொண்டு போராடியிருக்கிறாள்.

படிக்கத் தொடங்கியதும் அவள் முகம் மாறியது. ‘மைநெட்வொர்க்ஸ்’ என்ற சொல்லுக்கு எதிரே, யாரோ சொன்னதைக் கேட்டு, உலகத்திலுள்ள எல்லாக் கணினிகளையும் எழுதி வைத்திருந்தாள். நம்பத்தக்கவர் யார் என்று சொல்லும் இடம் அது. அப்படியே இணையத்தில் திறந்துவிட்டிருந்தால், முன்பின் அறியாதவரின் மோசடிக் கடிதமெல்லாம் இவள் கந்தோர் முத்திரையோடு போயிருக்கும். பிறகு மற்றச் சேவர்கள் இவளைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிடும். இவள் எழுதும் உண்மைக் கடிதத்தையும் ஏற்கமாட்டா.

அந்த வரியை அழித்து, இந்தக் கணினி மட்டும் என்று எழுதினாள். தனக்குத்தானே ஒரு கடிதம் அனுப்பினாள், வந்து சேர்ந்தது.

குசினியிலிருந்து தாயார் எட்டிப் பார்த்தார். “கட்டாரில இருக்கிற தம்பிக்கும் இதால போகுமா?”

“இப்ப இந்த மேசைக்குள்ள மட்டும்தான் அம்மா” என்றாள் மகள், அடுத்த பக்கத்தைப் புரட்டியபடி.