துத்தநாகக் கலத்தின் ஆயுள் ஏன் குறைகிறது?

துத்தநாக-புரோமின் பாய்வு மின்கலத்தில், அதாவது தொட்டியிலுள்ள மின்பகுளிக் கரைசல் பம்பு வழியே மின்வாய்களுக்குச் சுழன்றுவரும் கலத்தில், மின்னேற்றத்தின்போது துத்தநாக அயனிகள் எதிர்மின்வாயில் உலோகமாகப் படிகின்றன. இப்படிவு எங்கும் சமமாக அமைவதில்லை. சிறு மேடொன்று எழுந்தால், மின்புலம் அதன் முனையில் செறிவதாலும் புதிய அயனிகள் அங்கேயே எளிதில் வந்தடைவதாலும், அது மரக்கிளைபோல் நீண்டு, மின்வாய்களைப் பிரிக்கும் நுண்துளைச் சவ்வைத் துளைத்துக் குறுக்குச்சுற்றை உண்டாக்கக்கூடும். கரைசலின் ஓட்டத்தைச் சீராக்குவதும், மின்னோட்ட அடர்த்தியைக் குறைப்பதும், அவ்வப்போது கலத்தை முழுமையாக மின்னிறக்கி எஞ்சிய உலோகத்தைக் கரைப்பதும் இக்கிளைகளைக் கட்டுப்படுத்தும். ஈய-அமிலக் கலத்தைக் கெடுக்கும் முழு மின்னிறக்கமே இங்கு மருந்தாவது வியப்புக்குரியது. மறுபுறம் உருவாகும் புரோமின் சவ்வைக் கடந்து துத்தநாகத்தை அரிப்பதைக் குறைக்க, அதனை எண்ணெய்த் தன்மையுள்ள தனித் திரவமாகப் பிணைத்துவைக்கும் அம்மோனிய வகைக் கரிம உப்புகள் சேர்க்கப்படுகின்றன.