குளிர்ப்பின்றி வெப்பங் காணும் பளிங்குகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற தூர்மலின் கல், சூடேறியதும் சாம்பலை ஈர்த்தது. வெப்பநிலை மாறுங்கால் பளிங்கின் மின்முனைவாக்கம் மாறி, அதன் முகங்களில் மின்னேற்றந் தோன்றுதலே இதற்குக் காரணமாம். மின்புலத்தால் முனைவாக்கத்தைத் திருப்பத்தக்க பெரோமின் பளிங்குகள் பலவற்றில் இவ்வியல்பு மிக வலியது.

வெம்பொருள்கள் வீசுஞ் செங்கீழ்க் கதிர்களை உணருங் குறைகடத்திக் கருவிகள் பலவற்றைத் திரவ நைதரசனால் −196 பாகை சதமளவைக்குக் குளிர்வித்தல் வேண்டும். இன்றேல் அவற்றின் சொந்த வெப்பமே இலத்திரன்களை விடுவித்துக் கதிரின் குறியை மறைத்துவிடும். பெரோமின் பொருளாகிய பேரியம் ஸ்துரொந்தியம் தைத்தனேற்றாலான கருவியோ அறை வெப்பநிலையிலேயே தொழிற்படும்.

எனினும், மாறா வெப்பத்தை அது உணராது. புகைசூழ் மனையில் அசைவற்றுக் கிடப்பவர் அதற்குப் புலனாகார். ஆதலாற் சுழலுந் தகடொன்று கதிர்களை இடையிடையே மறைத்து, வேண்டிய மாற்றத்தை உண்டாக்கும். இவ்வாறமைந்த கருவிகள் 1990களில் தீயணைப்போர் கைக்கு வந்து, புகையினூடே மனிதரைக் காட்டின.